மழையைப் பற்றி ஒரு நிமிடம்

எல்கெ ரோமிங்கருக்கு ஐம்பத்தேழு வயதில் பரீட்சை வந்தது. எழுதுகிற பரீட்சையாக இருந்தாலாவது எப்படியோ ஒப்பேற்றியிருப்பாள். இது பேசுகிற பரீட்சை, அதுவும் இங்கிலீஷில், அதுவும் போனில். பால் பண்ணைகளுக்கு வால்வு செய்கிற கம்பெனியில், இரண்டாம் மாடியில், வெளிநாட்டு ஆர்டர் எடுக்கிற அறையில் அவளுக்கு ஒரு நாற்காலி இருந்தது. அந்த நாற்காலி இனிமேல் அவளுக்கு உண்டா இல்லையா என்பதைத்தான் அந்தப் பரீட்சை சொல்லப் போகிறது.

வசந்த காலத்தில் கம்பெனியை அயர்லாந்துக்காரர்கள் வாங்கினார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது, வந்த அன்றைக்கே எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். கேக் தொண்டையில் இறங்குவதற்குள் விஷயத்தையும் சொன்னார்கள். அந்த அறைக்கு இரண்டு பேர் வேண்டாம், ஒருவர் போதும். இலையுதிர் காலத்தில் அவர்கள் ஆள் ஒருவர் வாடிக்கையாளர் மாதிரி போன் செய்வார். இருவரில் யார் நன்றாகப் பேசுகிறாரோ அவர் மேலே இருக்கலாம், மற்றவர் கீழே பேக்கிங் கூடத்துக்குப் போக வேண்டியது. யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லையே என்று அதையும் ஒரு தர்மம் மாதிரிதான் சொன்னார்கள்.

எல்கெவுக்கு அந்தக் கூடத்தைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. பதினேழு வயதில் அங்கேதான் சேர்ந்தாள். லாரிகள் வந்து நிற்கிற பெரிய கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். ஜனவரியில் விரல் மரத்துப்போய், ஒட்டுகிற டேப்பைப் பல்லால் கடித்துத்தான் கிழிப்பார்கள். காலை ஆறு மணிக்கு நிற்க ஆரம்பித்தால் மதியம் வரை நிற்க வேண்டும். பதினெட்டு வருஷம் அப்படி நின்றாள். நின்றுகொண்டே சாயங்கால வகுப்புக்குப் போய் டைப்பிங் படித்தாள், கணக்கு படித்தாள், அரைகுறையாக இங்கிலீஷும் படித்தாள். மாடிக்குப் போன அன்று அவள் கணவன் வோல்கர், டவுன் பஸ் டிரைவர், பயணிகள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, கம்பெனி வாசலில் பஸ்ஸை நிறுத்தி ஹாரனை அழுத்து அழுத்து என்று அழுத்தினான். ஆல்ப் மலை மேலே இருக்கிற அந்தச் சின்ன ஜெர்மன் ஊர் முழுக்க அது கேட்டது. ஊர் கேட்க மேலே ஏறினவள் ஊர் பார்க்கக் கீழே இறங்குவது என்றால் எப்படி இருக்கும்? போதாததற்கு இடது முட்டியில் இப்போது உலோக மூட்டு வேறு.

அந்த அறையில் இன்னொரு நாற்காலி ஃப்ராவ் லுட்ஸுடையது, ஜன்னலோரம். இரண்டு மேஜைகளும் எதிரெதிரே. இருபத்திரண்டு வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் இன்று வரை ‘நீங்கள்’தான், திருமதி என்கிற ‘ஃப்ராவ்’ போட்டு ‘ஃப்ராவ் ரோமிங்கர்’தான், ‘ஃப்ராவ் லுட்ஸ்’தான். ‘நீ’ என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் வயதில் பெரியவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். சின்னவர் தானாக ஆரம்பித்தால் அது மரியாதைக் கேடு. லுட்ஸ் எல்கெவை விட மூன்று வாரம் பெரியவர். மூன்றே வாரம்தான், ஆனாலும் பெரியவர் பெரியவர்தானே.

ஒரே ஒரு தடவை வாய்ப்பு வந்தது. ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் பழைய மேனேஜர் நன்றாகக் குடித்துவிட்டு, இனிமேல் இங்கே எல்லோரும் எல்லோருக்கும் ‘நீ’தான் என்று அறிவித்தார். கிளாஸ்களை இடித்துக்கொண்டார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எல்கெ திங்கட்கிழமை காலை சிரித்த முகத்தோடு அறைக்குள் நுழைந்தாள். “காலை வணக்கம், ஃப்ராவ் ரோமிங்கர். பத்து மணிக்கு ஜன்னலைத் திறப்பேன், ஸ்வெட்டர் போட்டுக்கங்க” என்றார் லுட்ஸ். விருந்து அதோடு முடிந்தது.

அந்த ஜன்னல் ஒரு தனிக் கதை. தினமும் பத்து மணிக்கு லுட்ஸ் அதை அகலத் திறந்து, அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிடுவார். வெளியே பனி கொட்டினாலும் சரி, சாரல் அடித்தாலும் சரி, அறைக்குக் காற்று வேண்டும். ஆனால் பனியைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒரு வார்த்தை பேச மாட்டார். கண்ணுக்குத் தெரிகிறதே, அதில் பேச என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

பரீட்சைக்குத் தயார் செய்ய கம்பெனியே ஒரு டீச்சரை வைத்தது. மோரக் என்கிற ஸ்காட்லாந்துக்காரி, உள்ளூர்க் கூரை வேலைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவள். ஊர்ப் பேச்சு அவளுக்கு ஊர்க்காரர்களை விட நன்றாக வரும். வியாழக்கிழமைதோறும் வேலை முடிந்த பிறகு கேன்டீனில் வகுப்பு. முதல் நாளே இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டாள். ஆளுக்கு ஒரு பழைய டெலிபோன் ரிசீவரைக் கையில் கொடுத்தாள். அறுந்த வயர் தரையில் தொங்கியது.

“முகத்தைப் பாத்தா தலையாட்டியே சமாளிச்சிருவீங்க. போன்ல முகம் கிடையாது, குரல்தான்” என்றாள் மோரக். “அப்புறம் இங்க ஃப்ராவ், கிராவ் எல்லாம் வேணாம். இங்கிலீஷ்ல எல்லாரும் பேர் சொல்லித்தான் பேசுவாங்க. ஆரம்பிங்க.”

எல்கெவின் முதுகுக்குப் பின்னால் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. பிறகு இங்கிலீஷில், “ஹலோ. மார்கிட் பேசுகிறேன்.”

மார்கிட். சம்பளப் பட்டியலில் பார்த்த பெயர்தான். லுட்ஸின் வாயாலேயே அதைக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை, எல்கெவுக்கு என்னவோ கதவைத் தட்டாமல் யாருடைய படுக்கை அறைக்குள்ளோ நுழைந்துவிட்ட மாதிரி கூச்சமாக இருந்தது.

வகுப்பு வாரத்துக்கு ஒரு தடவை போதாது. வீட்டில் வோல்கருக்கு இங்கிலீஷ் தெரியாது, லுட்ஸுக்கு வீட்டில் யாருமே கிடையாது. பேசிப் பழக ஒருவருக்கு மற்றவரை விட்டால் ஆளில்லை. எந்த ஆளை ஜெயிக்க வேண்டுமோ அந்த ஆளோடுதான் பழக வேண்டும் என்றால் என்ன கொடுமை பாருங்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் சாம்பிள் ரூமில், பழைய வால்வுகள் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே, இரண்டு நாற்காலியை முதுகோடு முதுகு போட்டுக்கொண்டார்கள். ஒரு நாள் ஒருவர் வாடிக்கையாளர், மறுநாள் மற்றவர்.

மோரக் கொடுத்த பாடத்தில் முதல் கேள்வி, வார இறுதி எப்படிப் போயிற்று என்பது. எல்கெ கேட்டாள். லுட்ஸுக்குக் கற்பனை செய்ய வராது. கேள்வி என்று ஒன்று கேட்டால் அதற்கு நிஜமான பதில்தான் சொல்ல வேண்டும் என்று வளர்ந்தவர்.

“நன்றாகப் போகவில்லை” என்றார், ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையாகப் பொறுக்கி எடுத்து. “நான் கல்லறைக்குப் போனேன். என் கணவருக்குப் பூச்செடி வைத்திருந்தேன். நத்தைகள் தின்றுவிட்டன.”

கணவர் இறந்தது எல்கெவுக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி மாலையோடு அவளும் போய்க் கையைக் குலுக்கிவிட்டு வந்தாள். நான்காம் நாளே லுட்ஸ் வேலைக்கு வந்துவிட்டார், பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

“அப்புறம் என்ன செய்தாய், மார்கிட்?” இது பாடத்தில் இல்லாத கேள்வி.

“எங்களிடம் ஒரு கேரவன் இருக்கிறது. ஓய்வு பெற்றதும் நார்வே போக வாங்கினோம். அது வீட்டு வாசலில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதற்குள் உட்கார்ந்து காப்பி குடிக்கிறேன். அது எங்கேயும் போவதில்லை. ஆனால் ஜன்னலில் திரை இருக்கிறது. நன்றாக இருக்கிறது.”

எல்கெ ஏதாவது சொல்வதற்குள் பின்னால் நாற்காலி நகர்ந்தது, நேரம் முடிந்துவிட்டது. லுட்ஸ் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“ஃப்ராவ் ரோமிங்கர், நீங்க நம்பர் சொல்றப்ப குதிரை மாதிரி ஓடுறீங்க. ஒவ்வொண்ணா நிறுத்திச் சொல்லுங்க, கேக்கறவங்க எழுத வேணாமா? நாளைக்கு நம்பர் மட்டும் சொல்லிப் பழகுவோம்.”

அப்படியே பழக்கினார். போட்டிக்காரிக்கு இப்படி யாராவது சொல்லிக் கொடுப்பார்களா? லுட்ஸ் கொடுத்தார். தப்பு என்றால் தப்பு, எல்கெவுடையதாக இருந்தால் என்ன, தன்னுடையதாக இருந்தால் என்ன, விட்டுவைக்க மாட்டார். எல்கெ மறுநாள் தன் முறைக்கு, வார இறுதியில் பனிச்சறுக்கு போனதாக அளந்தாள்.

“இந்த முட்டிய வச்சுக்கிட்டா?” என்றார் லுட்ஸ், இங்கிலீஷை விட்டுவிட்டு.

“சும்மா பயிற்சிக்குத்தானே.”

“பயிற்சின்னா என்ன? கஸ்டமர்கிட்ட பொய் சொல்லலாமா?” முதுகுக்குப் பின்னால் நாற்காலி லேசாகக் குலுங்கியது. லுட்ஸ் சிரிக்கிறார் என்பது எல்கெவுக்கு அப்படித்தான் தெரியவந்தது.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது லுட்ஸ் பல் பிடுங்கப் போய்விட்டார், அந்த வியாழன் வகுப்பில் எல்கெ மட்டும். மோரக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேளுங்க எல்கெ. அயர்லாந்து ஆபீஸ்ல பரீட்சை வைக்கப்போற ஆளோட பேசினேன். பேரு ஃபின்டன். எதுக்கு மார்க் போடுவீங்கன்னு நேராவே கேட்டுட்டேன். பார்ட் நம்பரை எவன் வேணா தேடிக்கலாம், எனக்கு அந்த முதல் ஒரு நிமிஷம்தான் வேணும்ங்கறார். மழை பெய்யுதா, மாடு நல்லா இருக்கா, நேத்து மேட்ச் பாத்தியா, இப்படி ஏதாவது பேசணும். எடுத்த எடுப்புல விஷயத்துக்குப் போனா அவங்க ஊர்ல அது கதவை மூஞ்சில சாத்துற மாதிரி. மார்கிட்டுக்கு இதுதான் பெரிய ஓட்டை, எடுத்தவுடனே ‘எந்த வால்வு’ன்னுதான் கேப்பாங்க. அவங்ககிட்ட மறக்காம சொல்லிடுங்க.”

“சொல்றேன்” என்றாள் எல்கெ.

சொல்ல வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனாள். வோல்கர் பருப்பு வேகவைத்து, நூடுல்ஸும் சாஸேஜும் தயாராக வைத்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

“அந்தம்மா உன்கிட்ட கேட்டுச்சா?” என்றான் வோல்கர்.

“இல்ல. அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கேக்கலல்ல, அப்ப விடு.”

“வோல்கர், அவங்க எனக்கு தினமும் நம்பர் சொல்லித் தர்றாங்க.”

“நீயும் வேற ஏதாவது சொல்லிக் குடு, யாரு வேணாங்கறா. இத மட்டும் விடு. நாளைக்கு நீ கூடத்துல நின்னு முட்டி வீங்கி வந்தா, அந்தம்மாவா வந்து தைலம் தேய்க்கப்போகுது? நான்தானே தேய்க்கணும்.” சாஸேஜை அவள் தட்டில் இன்னொன்று வைத்தான். “இருபத்திரண்டு வருஷமா ‘நீங்க, நீங்க’ன்னு தள்ளியே வச்சிருக்கற பொம்பள. அதுக்குப்போய் உருகறியே.”

எல்கெ வெள்ளிக்கிழமை சொல்லவில்லை. பல் பிடுங்கின வீக்கம் குறையட்டும் என்று தனக்கே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டாள். திங்கட்கிழமை வீக்கம் குறைந்துவிட்டது, அன்றைக்கும் சொல்லவில்லை. லுட்ஸ் மட்டும் விடாமல் நம்பர் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். எல்கெவின் நம்பர்கள் இப்போது தெளிவாக, ஒவ்வொன்றாக, மணி அடித்த மாதிரி வந்தன. லுட்ஸ் பரவாயில்லை என்றார். அவர் வாயில் பரவாயில்லை என்பது மற்றவர்கள் வாயில் பிரமாதம் என்பதற்குச் சமம். இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்ல முடியாத நான் என்ன மனுஷி என்று தன்னையே திட்டிக்கொள்வாள், அடுத்த நிமிஷம் முட்டி வலிக்கும், வாயை மூடிக்கொள்வாள்.

பரீட்சைக்கு முதல் நாள் கடைசிப் பயிற்சி. அன்று எல்கெதான் வாடிக்கையாளர். வெளியே காலையிலிருந்து மழை. பழைய ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டாள்.

“ஹலோ. மார்கிட் பேசுகிறேன். எந்த வால்வு?”

மழை அலமாரிக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது.

“ஹலோ? எந்த வால்வு?”

“மார்கிட்” என்றாள் எல்கெ இங்கிலீஷில். “முதலில் மழையைப் பற்றிக் கேள். தயவுசெய்து. ஒரு நிமிடம் மழையைப் பற்றிக் கேள். நாளைக்கு அதற்குத்தான் மார்க்.”

பின்னால் லுட்ஸ் ரிசீவரை மடியில் வைக்கிற சத்தம். இப்போது ஜெர்மனில் பேசினார், திரும்பிப் பார்க்காமலே.

“தெரியும், ஃப்ராவ் ரோமிங்கர். போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, கசாப்புக் கடை வரிசைல மோரக் நின்னாங்க. ‘எல்கெ சொல்லியிருப்பாங்களே’ன்னாங்க.”

எல்கெவுக்குக் காது மடல் வரை கொதித்தது. நல்ல வேளை, முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சொல்லிட்டாங்கன்னு சொன்னேன்.”

பொய்யே சொல்லாத பெண் கசாப்புக் கடை வரிசையில் நின்று தனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். எல்கெவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “ஏன் என்னைக் கேக்கல? இத்தனை நாளா ஒண்ணுமே கேக்காம நம்பர் சொல்லித் தந்துட்டு இருந்தீங்களே.”

“நம்பர் தப்பா இருந்துச்சு, சொல்லித் தந்தேன்” என்றார் லுட்ஸ். “வரும்னு பாத்துட்டு இருந்தேன். சரக்கு லேட்டு. ஆனா வந்துருச்சு.”

“அப்ப நாளைக்கு மழையப் பத்திக் கேப்பீங்கதானே?”

“மாட்டேன்.”

“ஃப்ராவ் லுட்ஸ்.”

“ஒருத்தன் பதறிப்போய் போன் பண்றான், அவன் பால் தரையில ஓடிட்டு இருக்கு. அந்த நேரத்துல நான் மழை பெய்யுதான்னு கேட்டா அது மரியாதையா? அவன் எப்படி இருக்கான்னு எனக்குத் தெரியும், மோசமா இருக்கான். அதனாலதானே போன் பண்றான்.” நாற்காலி நகர்ந்தது. “நீங்க கேளுங்க. உங்களுக்கு அது வரும், நல்லாவே வரும். எனக்கு வேணுங்கறவங்ககிட்ட மட்டும்தான் நான் கேப்பேன்.”

மறுநாள் லுட்ஸுக்குத்தான் முதலில் போன் வந்தது. எல்கெ எதிர் மேஜையில் இருந்தாள், லுட்ஸ் பேசுவது மட்டும் கேட்டது. “காலை வணக்கம். மார்கிட் லுட்ஸ்.” பிறகு கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் யாரோ உற்சாகமாகப் பேசுகிற மாதிரி போனிலிருந்து ஒரு முணுமுணுப்பு. “ஆமாம், மழை” என்றார் லுட்ஸ். “எந்த வால்வு?” பிறகு நம்பர், பிறகு அளவு. “கீழ்க் குழாயை மூடுங்கள், பால் நின்றுவிடும். மதியத்துக்குள் பார்ட் இங்கிருந்து புறப்படும். நாளை சாயங்காலம் உங்களிடம் இருக்கும். வணக்கம்.” போனை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார், பத்து. ஜன்னலைத் திறந்து கட்டையைச் செருகினார்.

எல்கெ அந்தப் பண்ணைக்காரராக இருந்திருந்தால் எழுந்து போய் லுட்ஸின் கையை முத்தமிட்டிருப்பாள். ஆனால் அந்தப் பக்கம் இருந்தவர் பண்ணைக்காரர் இல்லையே, மார்க் போடுகிறவர்.

அரை மணி நேரம் கழித்து எல்கெவுக்கு வந்தது. ஃபின்டன் மழை என்றார், எல்கெ எங்களுக்கும் மழைதான் என்றாள், என் முட்டி அதை முதல் நாளே சொல்லிவிடும் என்றாள். அவர் தன் அம்மாவின் இடுப்பைப் பற்றிச் சொன்னார். பேச்சு நாய்களுக்குப் போயிற்று, அங்கிருந்து எல்கெவின் அத்தை வளர்த்த வாத்துக்குப் போயிற்று. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் அவரேதான், என் வால்வு நம்பர் வேண்டாமா என்று ஞாபகப்படுத்தினார். பால் நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்திருந்தால் அதற்குள் மாட்டுக் கொட்டகை முழுக்க நனைந்திருக்கும். ஆனால் நம்பரைத் திருப்பிச் சொல்லும்போது எல்கெ ஒவ்வொன்றாக, தெளிவாக, லுட்ஸ் சொல்லிக் கொடுத்த மாதிரியே சொன்னாள். சொல்லும்போது எதிர் மேஜையைப் பார்க்க அவளால் முடியவில்லை.

நாற்காலி எல்கெவுக்குத்தான். அடுத்த வாரம் வந்து சொன்னார்கள். அந்த அயர்லாந்துக்காரரைத் திட்டி என்ன ஆகப்போகிறது, அவர் ஊர் வழக்கப்படி அவர் செய்தது சரிதான். லுட்ஸும் தன் வழக்கப்படி சரிதான். இரண்டு சரிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழித்தது எல்கெ ஒருத்திதான்.

லுட்ஸ் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். “வாழ்த்துகள், ஃப்ராவ் ரோமிங்கர். நல்லாப் பேசினீங்க. வாத்துதான் கொஞ்சம் அதிகம்.” தன் காப்பிக் கோப்பையையும் ஸ்வெட்டரையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டார். மரக்கட்டையை மட்டும் எடுத்து எல்கெவின் மேஜை மேல் வைத்தார். “பத்து மணிக்கு. மறந்துறாதீங்க.”

அன்று சாயங்காலம் வோல்கர் பழைய ஞாபகத்தில் பஸ்ஸை கம்பெனி வாசலில் நிறுத்தி ஹாரனை அழுத்தினான். பயணிகள் கைதட்டினார்கள். அதே நேரம் முற்றத்தின் குறுக்கே, அட்டைப்பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, லுட்ஸ் கூடத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஹாரன் நிற்கிற மாதிரி தெரியவில்லை. எல்கெ ஓடிப் போய் பஸ் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

“நிறுத்து. நிறுத்துடா முட்டாள்.”

நாற்பது வருஷத்தில் அவள் அவனை அப்படிச் சொன்னதில்லை. வோல்கர் கையை எடுத்தான்.

அதற்குப் பிறகு எல்கெ கீழே போகவில்லை. முட்டி, படிக்கட்டு என்று சொல்லிக்கொண்டாள். ஆர்டர் தாள்களை வேறு ஆள் மூலமாக அனுப்பினாள். கேன்டீனில் எதிர்ப்பட்டால் மதிய வணக்கம் சொல்வார்கள், லுட்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு பேக்கிங் ஆட்களோடு போய் உட்கார்ந்துவிடுவார். அவர் விரல் நுனியெல்லாம் வெடித்திருப்பதை எல்கெ பார்த்தாள். தான் போட்டுக்கொள்ளாமல் பையிலேயே வைத்திருந்த கைக் கிரீமைக் கொடுக்கலாமா என்று நினைத்தாள், கொடுக்கவில்லை. மேலே அறையில் தினமும் பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து கட்டையைச் செருகினாள். குளிரில் உட்கார்ந்து ஃபின்டனோடும் மற்றவர்களோடும் மழையைப் பற்றிப் பேசினாள். எல்லோரும் அவளை எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள். பாடத்தில் இருக்கிறபடியே ஃபைன், தேங்க் யூ என்றாள். எதிர் நாற்காலியை இன்னும் யாரும் எடுத்துப் போகவில்லை.

நவம்பர் பாதியில் ஒரு நாள், ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், போன் அடித்தது. உள் நம்பர், லாரி வாசலிலிருந்து. ஏதோ பார்சல் தகராறு என்று நினைத்து எடுத்தாள்.

“காலை வணக்கம்” என்றது குரல், இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தையாக. “நான் மார்கிட், பேக்கிங்கிலிருந்து. எல்கெ, அங்கே மேலே மழை பெய்கிறதா?”

எல்கெ ஜன்னலைப் பார்த்தாள். சாரல் உள்ளே அடித்து, மேஜை ஓரமெல்லாம் நனைந்திருந்தது. கீழே முற்றத்தில் லாரி வாசல் தெரிந்தது. ஒரே கட்டிடம், ஒரே மழை. வேண்டியவர்களிடம் மட்டும்தான் கேட்பேன் என்று சொன்னது அப்போதுதான் அவளுக்கு நெஞ்சில் வந்து விழுந்தது.

“பெய்கிறது” என்றாள் இங்கிலீஷில். “நன்றாகப் பெய்கிறது. அங்கே?”

“இங்கேயும் பெய்கிறது. கதவு திறந்திருக்கிறது. பெட்டிகளை உள்ளே தள்ளிவிட்டோம். காற்று மேற்கிலிருந்து வருகிறது.” அவ்வளவு நீளமாக வானிலை பேசி லுட்ஸுக்குப் பழக்கமில்லை, மூச்சு வாங்கியது. “எப்படி இருக்கிறாய், எல்கெ?”

ஃபைன் என்கிற வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றுவிட்டது.

“நல்லா இல்ல” என்றாள் ஜெர்மனில். “முட்டி வலிக்குது. ரூம் குளிருது, நானே போய் ஜன்னலத் திறந்து வச்சுக்கறேன். கீழ வர எனக்கு மூஞ்சி இல்ல. நாள் பூரா ஊரு பேரு தெரியாதவங்களோட சிரிக்கறேன். எதிர்ல நீங்க இல்ல.”

அந்தப் பக்கம் லாரி ஒன்று பின்னால் வருகிற சத்தம் கேட்டது, நின்றது.

“நான் மூணு வாரம் பெரியவ” என்றது குரல், இப்போது அதுவும் ஜெர்மனில். “அதனால நான்தான் சொல்லணும். ரொம்ப லேட்டு, தெரியும். நான் மார்கிட்.”

எல்கெ எழுந்து நின்றாள். இப்படிப்பட்ட நேரத்தில் உட்கார்ந்துகொண்டா பதில் சொல்வது? “நான் எல்கெ” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“அது தெரியும்” என்றாள் மார்கிட். “மத்தியானம் கீழ வா. பெட்டிக்குப் பின்னாடி ரெண்டு நாற்காலி இருக்கு. இந்தத் தடவ நேருக்கு நேரா போடலாம்.”